மதினிக்கு முன்னால் என் பெயர்

மகன் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தால் உலகத்தையே ஓசியில் சுற்றி வரலாம் என்று சொல்கிறவர்கள், ஓசியில் எங்கும் போகாதவர்கள். சுற்றி வரலாம், அதில் பொய் இல்லை. என்றைக்குப் போய்ச் சேருவோம் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். காசு கொடுத்தவர்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்து, வராதவர்கள் இனி வரவே மாட்டார்கள் என்று உறுதியான பிறகு மிச்சம் கிடக்கும் இருக்கைதான் நமக்கு. கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தி மாதிரி. வடை இருந்தால் உண்டு.

எழுபதுகளின் நடுவில் நானும் என் மதினியும் சென்னையிலிருந்து சிட்னிக்கு இப்படித்தான் போனோம். வழியில் சிங்கப்பூரில் இடம் கிடைக்காமல் ஒரு வாரம் கிடந்தோம். அங்கே கோயில் இருந்தது, இட்லி இருந்தது, தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் படுக்கப் பாய் இருந்தது. ஆகையால் மதினி அதை ஒரு தாமதமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஒரு வாரம்தான் பின்னால் எங்கள் கழுத்தைப் பிடித்தது.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, சிவகாமி. அவள் மகள் கமலாவைத்தான் என் மகன் ராமு கட்டியிருக்கிறான். ஆக, அவள் எனக்கு நாத்தனாரும் ஆச்சு, சம்பந்தியும் ஆச்சு. தென்காசிப் பக்கத்துச் சைவக் குடும்பத்தில் இந்த இரண்டு பதவியும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். முப்பது வருஷமாக எந்த விசேஷத்திலும் தாம்பூலத் தட்டு அவளிடம் போய்விட்டுத்தான் என்னிடம் வரும். நான் குறை சொல்லவில்லை. வழக்கத்தைச் சொல்கிறேன்.

மதினியின் மகன் சேகர் மெல்பர்னில் இருந்தான். பௌதிகம் படித்தவன், ஆகாயத்தின் மேல்தட்டில் ஏதோ ஆராய்ச்சி. அதற்காக அவனைத் தென்துருவத்துப் பனிக்கண்டத்துக்கு அனுப்புகிறார்கள். கப்பல் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துவிடும். அப்புறம் கடல் உறைந்துபோகும். ஒரு வருஷத்துக்கு யாரும் அங்கே போகவும் முடியாது, அங்கிருந்து வரவும் முடியாது. உடம்புக்கு ஏதாவது என்றாலும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அந்தக் கப்பல் சனிக்கிழமை மத்தியானம் மெல்பர்ன் துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிறது. நாங்கள் சிட்னியில் போய் இறங்கியது புதன்கிழமை. சாமான் ஏற்றுவதும் டாக்டர் பரிசோதனையுமாக அவனை ஒரு நாள்கூட இந்தப் பக்கம் விடவில்லை.

மதினி அவனைப் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. நானும்தான். அவன் பி.யூ.சி.யிலிருந்து எம்.எஸ்சி. வரைக்கும் மாம்பலத்தில் எங்கள் வீட்டில் இருந்துதான் படித்தான். ஊரில் யாராவது கேட்டால் மதினி, "தம்பி வீட்டுல நின்னு படிச்சான்" என்பாள். தம்பிக்கு அரிசி களையக்கூடத் தெரியாது. அதை நான் யாரிடமும் எடுத்துச் சொன்னதில்லை.

ராமுவின் ஃபிளாட் ஹோம்புஷில் இருந்தது. சுத்தமான இடம், ரயில் ஸ்டேஷன் பக்கம், ஜன்னலைத் திறந்தால் காற்று. ஆனால் காற்று வடக்கிலிருந்து அடித்தால் ஜன்னலை மூடிவிட வேண்டும். அந்தத் திசையில் ஊருக்கே ஆடுமாடு வெட்டுகிற பெரிய கொட்டில் இருக்கிறதாம். வெங்காயம்கூட வெள்ளிக்கிழமை சேர்க்காத மதினிக்கு இதை எப்படிச் சொல்வது என்று கமலாவுக்குத் தெரியவில்லை. "பக்கத்துல ஒரு ஃபேக்டரி இருக்கும்மா" என்று சொல்லிவைத்தாள். என்ன ஃபேக்டரி என்று மதினி கேட்கவில்லை. மூக்கு சொல்லியிருக்கும்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல் ராமு எங்களுக்குப் பாடம் நடத்தினான். விமானம் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. எதையும் பிரித்துப் போட்டுத்தான் பேசுவான்.

"முதல்ல கம்பெனி வேலையாப் போறவங்க. மெல்பர்ன்ல ஒரு விமானத்தை ஓட்டப் போற பைலட்டுன்னா, அவருக்கு இடம் குடுத்தே ஆகணும். அப்புறம் சொந்த வேலையாப் போற கம்பெனி ஆளுங்க. அதுலயும் சர்வீஸ் யாருக்கு ஜாஸ்தியோ அவங்க முன்னாடி. அப்புறம் பெண்டாட்டி பிள்ளைங்க. அப்புறம் அப்பா அம்மா."

"அப்புறம்?" என்றாள் மதினி.

ராமு பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அப்புறம் மாமனார் மாமியார்."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வரிசையில் என் பெயர் மதினியின் பெயருக்கு முன்னால் வந்திருக்கிறது. அதுவும் நான் கேட்காமல், ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி தானாக முன்வந்து கொடுத்தது. எனக்கு அந்த ரசம் அன்றைக்கு ரொம்ப நன்றாக இருந்தது.

"கம்பெனிக்காரன் ஏதோ அவனுக்குத் தெரிஞ்ச முறையில வச்சிருக்கான்" என்றாள் மதினி.

ராமு மேலும் சில சட்டங்கள் சொன்னான். நன்றாக உடுத்திக்கொண்டு போக வேண்டும். கௌண்டரில் வாதாடக் கூடாது. ஓசி டிக்கெட் என்று பக்கத்தில் இருக்கிறவர்களிடம் சொல்லக் கூடாது. இடம் கொடுத்து வேண்டாம் என்று சொன்னால், அன்றைக்கு முழுக்க வரிசையில் கடைசிக்குப் போய்விடுவோம். காசு கொடுத்தே டிக்கெட் எடுத்துவிடலாமே என்று கமலா மெதுவாகக் கேட்டாள். ராமு அவளைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். கறிகாய்க் கடைக்காரனிடம், நீ கத்திரிக்காயைப் பக்கத்துக் கடையில் போய் வாங்கு என்று சொன்ன மாதிரி. "ஹேங்கர்ல சிரிப்பாங்க" என்றான், விமானம் பழுது பார்க்கிற கொட்டகையைச் சொல்லி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வியாழக்கிழமை காலை ராமுவுக்கு ஷிஃப்ட். மாடி ஃபிளாட்டில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் கனகசபை எங்களைக் காரில் கொண்டுபோய் விட்டார். கணக்காளர், ஒற்றை ஆள். "ஓம் அக்கா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்" என்றார். கார் எந்தக் காலத்ததோ. விமான நிலையத்து வாசலில் நிறுத்திவிட்டு, "கதவு உள்ளாலை திறக்காது, இருங்கோ" என்று சுற்றி வந்தார். வெளியாலும் திறக்கவில்லை. காஞ்சிபுரம் பட்டுடன் நாங்கள் இருவரும் டிரைவர் இருக்கையைத் தாண்டி ஏறி இறங்கினோம். நன்றாக உடுத்திக்கொண்டு போகச் சொன்னது கம்பெனியின் மரியாதைக்காக. அந்த மரியாதையில் பாதி வாசலிலேயே போயிற்று.

டிசம்பர் மாதம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. கண்ணாடி முழுக்கப் பஞ்சில் பனி ஒட்டி, கம்பளிச் சட்டை போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா படம் வைத்திருந்தார்கள். பண்டிகை முடிந்து இரண்டு நாள் ஆகியும் ஊரே விடுமுறையில் எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தது. கௌண்டரில் டெபி என்ற பெண். சிரித்த முகம். பாக்கியம் என்ற என் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. முதல் எழுத்தோடு நிறுத்தி என்னை மிஸஸ் பி என்றாள். மதினி மிஸஸ் எஸ்.

எங்களுக்குப் பக்கத்தில் கறுப்பு சூட் போட்ட இத்தாலியக் கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மருமகன் கம்பெனியில் மூட்டை ஏற்றுகிறானாம். மதினி அவரிடம் தமிழில், "நாங்க ஓசி டிக்கெட்டு, நீங்க?" என்று கேட்டாள். அவர் இத்தாலிய மொழியில் நீளமாகப் பதில் சொன்னார். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். 

காசு கொடுத்தவர்கள் எல்லோரும் ஏறின பிறகு டெபி கூப்பிட்டாள். "மிஸஸ் பி! ஒரே ஒரு இடம் இருக்கிறது."

நான் மதினியைப் பார்த்தேன். "நீங்க போங்க மதினி."

"சேச்சே. உன் பேரைத்தான கூப்பிட்டா. நீ போ."

"நான் போய் என்ன செய்ய? உங்க மகன், நீங்க பாக்க வேண்டாமா?"

"அதெப்படிளா உன்னைய விட்டுட்டு நான் போவேன்?"

"பரவால்ல, போங்க."

"இல்லளா பாக்கியம், நீ போ."

ஊரில் இது குறைந்தது நாலு சுற்றுப் போக வேண்டும். முதல் சுற்றிலேயே எழுந்து போனால், இதற்காகத்தான் வாயைப் பிளந்துகொண்டிருந்தாள் என்று பெயர் வந்துவிடும். இரண்டாவது சுற்றில் குரல் இறங்கும். மூன்றாவதில் பையைக் கையில் எடுப்போம். நாலாவதில், "நீ இவ்வளவு சொல்லுதியேன்னு போறேன்" என்று எழுந்திருப்போம். நாங்கள் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போய்க்கொண்டிருந்தோம். டெபிக்கு இந்த விவரம் தெரியாது. இரண்டு பெண்களும் மாறி மாறிக் கையை ஆட்டுகிறார்கள், தலையை ஆட்டுகிறார்கள், யாருக்கும் போக விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். இத்தாலியக் கிழவர் ஒரு சுற்றுக்கூடப் போகவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியே போய்விட்டார்.

அவ்வளவுதான். வேண்டாம் என்று சொன்னவர்கள் என்று எங்கள் இரண்டு பேரையும் கடைசிக்குத் தள்ளிவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை ஒவ்வொரு விமானமாகப் போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். எதிர்க் கம்பெனி விமானமும் அதே ஊருக்கு அதே நேரத்துக்குப் போகிறது. இந்தத் தேசத்தில் இரண்டே கம்பெனி. ஒரே விலை, ஒரே நேரம், ஒரே பிஸ்கோத்து. நம் ஊரில் இரண்டு பஸ் கம்பெனி இருந்தால் ஒருத்தனை ஒருத்தன் முந்திக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதுவான். இங்கே கைகோத்துக்கொண்டு போகிறார்கள்.

"நீ ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்" என்றாள் மதினி, காரில் திரும்பும்போது.

"நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லியிருந்தா நானும் விட்டிருப்பேன்" என்றேன்.

கனகசபை ரேடியோவைப் பாடவிட்டார்.

வெள்ளிக்கிழமை இன்னும் சீக்கிரமே போனோம். அன்றைக்கு ஒரே சுற்றில் முடித்துவிடுவது என்று எங்களுக்குள் பேசாமலே முடிவாகியிருந்தது. ஆனால் இடமே வரவில்லை. காலை விமானத்தில் இரண்டு இடம் மிஞ்சியது. எங்கிருந்தோ இரண்டு பைலட்டுகள் சீருடையில் வந்தார்கள், போனார்கள். அடுத்ததில் ஒன்று, இன்னொரு பைலட். நானும் பார்க்கிறேன், இடம் மிஞ்சுகிற வரைக்கும் ஒரு பைலட்டும் கண்ணில் படுவதில்லை. மிஞ்சியதும் தரையிலிருந்து முளைக்கிறார்கள்.

மத்தியானம் பசித்தது. கட்டிக்கொண்டு போன புளியோதரை காலையிலேயே தீர்ந்துவிட்டது. கேண்டீனில் மாமிசம் இல்லாத சாண்ட்விச் கேட்டேன். அந்தப் பையன் கொடுத்தான். பிரித்துப் பார்த்தால் ரோஸ் நிறத்தில் ஒரு தகடு. என்ன இது என்றேன். "ஹாம்" என்றான், பன்றிக்கறி ஏதோ வெண்டைக்காய் வகை மாதிரி. அப்புறம் தக்காளியும் பீட்ரூட்டும் வைத்துக் கொடுத்தான். இந்த நாட்டில் எதைக் கேட்டாலும் நடுவில் ஒரு பீட்ரூட் வட்டம் இருக்கும். மதினியின் பட்டுப்புடவை முந்தானையில் சிவப்பாக இறங்கியது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. அப்போதுதான் அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது.

சாயங்காலம் செம்பட்டை முடியோடு ஒரு பைலட் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷர். நான் என் ஆங்கிலத்தைத் திரட்டிக்கொண்டு, மெல்பர்னில் விமானம் ஓட்டப் போகிறீர்களா என்று கேட்டேன். "இல்லையம்மா, ஓட்டியாயிற்று. வீட்டுக்குத் தூங்கப் போகிறேன்" என்றார். வேலை சிட்னியிலிருந்து, வீடு மெல்பர்னில். ஏன் என்றால், அவர் மனைவி தன் அம்மா வீட்டுத் தெருவை விட்டு வரமாட்டாளாம். அதற்காக இந்த மனுஷர் வாரத்தில் பாதி நாள் ஆகாயத்தில் வீட்டுக்குப் போய் ஆகாயத்தில் வேலைக்கு வருகிறார். மதினிக்கு மொழிபெயர்த்தேன்.

"வீட்டோட மாப்பிள்ளையா?" என்றாள். "சரிதான். அதுக்குத்தான் நம்மளைய விட முன்னுக்கு வச்சிருக்கான்."

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கையசைத்துவிட்டுப் போனார். எங்களுக்கு அன்றைக்கு அதுதான் கடைசி.

வீட்டுக்கு வந்ததும் ராமு எங்கள் முகத்தைப் பார்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு, காசைக் கையில் எடுத்துக்கொண்டு, ஹேங்கரில் யார் சிரித்தாலும் சரியென்று டிக்கெட் வாங்கப் போனான். எங்கள் கம்பெனி, எதிர்க் கம்பெனி, இரவு ரயில், நெடுந்தூரப் பஸ், எல்லாவற்றிலும் இடம் தீர்ந்துவிட்டிருந்தது. விடுமுறைக் காலம். "புதன்கிழமை வந்திருந்தால் கொடுத்திருப்பேன்" என்று ரயில்வே கௌண்டரில் சொன்னார்களாம். ஓசிக் கௌரவம் எங்களை எங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்று பாருங்கள். கனகசபை தன் காரிலேயே ராவோடு ராவாக மெல்பர்ன் போய்விடலாம் என்றார். பாவம், நல்ல மனசு. ஆனால் அந்தக் கார் விமான நிலையத்திலிருந்து வரும்போது இரண்டு இடத்தில் நின்றிருந்தது.

சேகர் போன் பண்ணினான். கமலா என்னிடம் கொடுத்தாள்.

"அத்தை, நாளைக்கு மத்தியானம் கப்பல் கயித்தை அவுத்துருவாங்க. அதுக்குள்ள எப்ப வந்தாலும் நான் கரைக்கு இறங்கி வந்திருவேன். இல்லேன்னா..." கொஞ்சம் நிறுத்தினான். "இல்லேன்னாலும் பரவாயில்லன்னு அம்மாட்ட சொல்லிருங்க."

"நீயே சொல்லேன்டா."

"என்னால முடியாது அத்தை" என்றான். குரல் உடைந்துவிட்டது. மாம்பலத்தில் பரீட்சை சரியாக எழுதாத அன்றைக்கும் இப்படித்தான் என்னிடம் வந்து நிற்பான். நான் மதினியிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லாமலே அவள் சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை முதல் விமானம். அதை விட்டால் அடுத்தது போய்ச் சேரும்போது கப்பல் போயிருக்கும். விடிகிறதுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்தோம். மதினி சேகருக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த பையில் மிச்சமிருந்தது பருப்புப்பொடியும் மோர்மிளகாயும்தான். மற்றதெல்லாம் நாங்கள் வந்திறங்கிய அன்றைக்கே சுங்கத்தில் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். வேப்பம்பூவை ஒரு அதிகாரி முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டதை நான் மறக்க மாட்டேன்.

காசு கொடுத்தவர்கள் ஏறினார்கள். கும்பல் குறையக் குறைய மதினி என் கையைப் பிடித்தாள். முப்பது வருஷத்தில் அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல். டெபி எங்களைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள். ஒரு இடம்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு செம்பட்டை பைலட் வந்தார். நேற்றுப் போனவரை ராத்திரியே கூப்பிட்டு ஒரு விமானத்தை இங்கே ஓட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள் போல, மறுபடியும் தூங்கப் போகிறார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. டெபி அவர் பெயரைத்தான் சொல்லியாக வேண்டும். சொன்னாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

கௌண்டரில் வாதாடக் கூடாது என்பது சட்டம். பைலட்டிடம் வாதாடக் கூடாது என்று ராமு சொல்லவில்லை. நான் எழுந்து போய் அவருக்கு முன்னால் நின்றேன்.

"உங்கள் வீட்டம்மா உங்களை நேற்றும் பார்த்தாள், நாளைக்கும் பார்ப்பாள்" என்றேன். "இவள் தன் பிள்ளையைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. மத்தியானம் அவன் கப்பல் பனிக்கண்டத்துக்குப் போகிறது. நீங்கள் அடுத்த விமானத்தில் தூங்குங்கள்." என் ஆங்கிலத்தில் இது எப்படி இருந்ததோ தெரியாது. கையை நீட்டி நீட்டிப் பேசினது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அவர் மதினியைப் பார்த்தார். மதினி முந்தானையால் பீட்ரூட் கறையை மறைத்துக்கொண்டாள். "நீங்கள் கம்பெனி ஆட்களின் வீட்டார் என்று தெரியும். கப்பல் விஷயத்தை நேற்றே சொல்லியிருக்கலாமே" என்றார். "விமானம் ஓட்டுகிற இடத்தில் மடக்கு இருக்கை ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்து தூங்க முடியாது. அதனால் நான் அதைக் கேட்பதில்லை." விடுவிடுவென்று உள்ளே போனார். அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து டெபியிடம், "கேப்டன் சரி என்கிறார். எனக்கு இந்த இடம் வேண்டாம்" என்றார்.

டெபி வரிசையைப் பார்த்தாள். சட்டம் சட்டம்தானே. "மிஸஸ் பி!" என்றாள்.

நான் பொய் சொல்ல மாட்டேன். போக வேண்டும் என்று எனக்கு இருந்தது. மதினிக்காக இல்லை, கம்பெனி கொடுத்த மரியாதைக்காகவும் இல்லை. எனக்கு அவனைப் பார்க்க வேண்டும். அவ்வளவு தூரம் போகிறான், ஒரு வருஷம், என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அத்தை என்று ஓடி வருவான். ஆனால் இவன் எனக்கு யார் என்று கேட்டால் அந்தக் கம்பெனியின் எந்த வரிசையிலும் அதற்கு ஒரு பெயர் கிடையாது.

"நான் போகவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிடு" என்றேன்.

"மிஸஸ் எஸ்!"

மதினி வாயைத் திறந்தாள். எனக்குத் தெரியும், அவள் வாயில் என்ன வரப்போகிறது என்று.

"மதினி, நாலு சுத்துக்கு நேரமில்ல. ஒத்த வார்த்தை பேசப்படாது. பையை எடுங்க, எந்திரிங்க, போங்க."

என் வாழ்நாளில் அவளிடம் நான் இப்படிப் பேசியது கிடையாது. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குக்கூட அவள் தனியாகப் பஸ் ஏறியதில்லை. ஆங்கிலத்தில் அவளுக்கு 'தேங்க்யூ' மட்டும் தெரியும், அதையும் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வாள். அப்படிப்பட்டவள் எழுந்தாள். செம்பட்டை பைலட் அவள் பையை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் அந்தக் கதவுக்குள் போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குக் கோபம் வந்தது. நான்தான் பேசக் கூடாது என்று சொன்னேன் என்பது கனகசபையின் காரில் ஏறின பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

பத்து மணி வாக்கில் போன் அடித்தது. துறைமுகத்துப் பொதுப் போனிலிருந்து சேகர். பின்னால் ஒரே சத்தம்.

"அத்தை! அம்மா வந்துட்டா. தனியா வந்திருக்கா அத்தை, ஒரு வெள்ளைக்காரர் கூட்டிட்டு வந்து என் கையில ஒப்படைச்சிட்டுப் போறார்."

"சரிடா."

"நீங்க ஏன் வரல?"

"இடம் இல்லடா" என்றேன்.

அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். காசு தீர்ந்து போன் அறுந்துவிட்டது. நான் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கமலா வாங்கி வைத்தாள்.

திங்கட்கிழமை நான் மெல்பர்னுக்குப் போனேன். விமானத்தில் பாதி காலி. முன்னால் பைலட் இல்லை, பின்னால் கிழவர் இல்லை; டெபி ஜன்னலோரம் வேண்டுமா, நடுவில் வேண்டுமா என்று கேட்டாள். எனக்கு எங்கே உட்கார்ந்தால் என்ன? பிஸ்கோத்து கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

மெல்பர்ன் சிட்னி மாதிரி இல்லை. சமதரை, அகலமான தெரு, நடுவில் பச்சை டிராம் மணியடித்துக்கொண்டு போகிறது. நம்ம மெட்ராஸில் டிராமை நிறுத்தி எத்தனையோ வருஷமாயிற்று. இங்கே நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போல. காலையில் கொளுத்தின வெயில் மத்தியானம் எங்கோ போய், குளிர் காற்று அடித்தது. மக்கள் அதைப் பற்றி ஒன்றும் நினைக்காமல் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். சேகரின் நண்பர் ஒருவர், மலேசியத் தமிழர், கிளென் வேவர்லியில் இருந்தார். மதினி அவர் வீட்டில்தான் தங்கியிருந்தாள். ரயில் அந்த ஊரோடு முடிந்துவிடுகிறது. அதனால் எங்கே இறங்குவது என்ற கவலை எனக்கு இல்லை.

மதினி அந்த வீட்டு அடுப்படியைக் கைப்பற்றியிருந்தாள். நான் உள்ளே போனபோது ரவையை வறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். வா என்றும் சொல்லவில்லை, எப்படி வந்தாய் என்றும் கேட்கவில்லை. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எப்படி இருந்தான்?"

"தாடி வச்சிருக்கான். சகிக்கல." ரவையைக் கிண்டினாள். "பக்கத்துல ரெண்டு மணி நேரம் இருந்தேன். பருப்புப்பொடியைக் கையில வாங்கிட்டு அழுதான். நான் அழல. நான் அழுதா அவன் எப்படிப் போவான்?"

"அப்புறம்?"

"அப்புறம் எல்லாரையும் இறக்கிவிட்டுட்டானுங்க. கப்பல் கிளம்புதப்போ அவங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கு பாத்துக்கோ. மேல நிக்கவங்க கலர் கலராக் காகித நாடாவைச் சுருட்டி எறியுதாங்க. ஒரு முனை அவங்க கையில, மறு முனையைக் கரையில நிக்க நாம புடிச்சுக்கிடணும். கப்பல் போகப் போக அது நீளும். எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு." அடுப்பைத் தணித்தாள். "சேகரு ரெண்டு எறிஞ்சான். மஞ்சள் எனக்கு. இன்னொண்ணை எறிஞ்சிட்டு, அத்தைக்குன்னு அங்க இருந்து கத்துதான். அத்தைக்கு, அத்தைக்குன்னு. வெள்ளைக்காரன் எல்லாம் திரும்பிப் பாக்கான். நான்தான் ரெண்டு கையிலயும் ரெண்டையும் புடிச்சிட்டு நின்னேன்."

நான் நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"கப்பல் நகந்துட்டு" என்றாள் மதினி. இன்னும் ரவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னோடது சீக்கிரமே அறுந்துட்டு, பாக்கியம். உன்னோடது போச்சு, போச்சு, அவன் முகம் தெரியாமப் போற வரைக்கும் போச்சு. கடைசியாத்தான் அறுந்துச்சு."

மதினி பொய் சொல்கிறவள் இல்லை. அதுவும் எனக்குச் சாதகமாக ஒரு பொய் அவள் வாயில் வரவே வராது. நான் அந்த அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.